இறங்காத காற்று

அண்ணா,

எங்கள் பத்திரிகையின் வார இறுதி நிகழ்ச்சிப் பட்டியலைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். பேனா தேடி மேசை இழுப்பறையை இழுத்தபோது தேனும் கிளிசரினும் கலந்த வாடை வந்தது. அதற்கு அடியில் லேசாக ஆட்டுத்தோல் வாடை. இழுப்பறைக்குள் ஒரு பழைய பிலிம் டப்பா இருக்கிறது. அதற்குள் ஒன்றரை முழ வெள்ளை நூல். உங்கள் நூல். டப்பாவின் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. நான் இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன்.

பக்கத்து மேசைக்காரர் தலையை நீட்டி, "ஏனுங்க சார், யாராச்சும் பலகாரம் கொண்டாந்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வாடை எனக்கு மட்டும் வரவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

மேசை மேல் இருக்கும் நோட்டீஸில் உள்ளது இவ்வளவுதான்: சனிக்கிழமை மாலை ஆறு மணி, பீளமேடு குடியிருப்போர் சங்க மண்டபம், கெல்டிக் இசையும் கொங்கு நாட்டுப்புற இசையும். முதல் சனிக்கிழமை பேக்பைப்பும் துடும்பும். அடுத்த சனிக்கிழமை அயர்லாந்து நாட்டு வயலின் பாட்டுகள். அதற்கடுத்த வாரம் கும்மி. அனைவரும் வரலாம்.

நீங்கள் தொடங்கி, உங்களோடு நின்றுபோன வரிசை இது. இரண்டு வருடம் கழித்து மறுபடி நடக்கப்போகிறது. முதன்முதலில் இப்படி ஒரு நோட்டீஸை என்னிடம் கொண்டுவந்ததும் நீங்கள்தான். அன்று உங்கள் சட்டைக் கையில் லேத் பட்டறை எண்ணெய்க் கறை இருந்தது. நோட்டீஸில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

"கெல்டிக்னா என்னங்கண்ணா? படிக்கிறவங்க கேட்பாங்க" என்றேன்.

"மேக்க, கடலோரத்துல, எந்நேரமும் மழை பேயற ஊருங்க. அங்க ஆடு மேச்சவங்க, மீன் புடிச்சவங்க பாட்டு. நம்ம ஊரு மாதிரியேதானுங்க, என்ன, அங்க குளுரு சாஸ்தி."

"நம்மூரு துடும்பு மேளம் எதுக்குங்க அதோட?"

"தனியா ஊதுனா அது அழுவுதுங்க. துடும்பு சேந்தா கண்ணத் தொடச்சுட்டு எந்திரிச்சு நடக்குது."

அந்த வாக்கியத்தை நான் செய்தியில் போட்டேன். ஆசிரியர் அடித்துவிட்டார். இடமில்லை என்றார்.

பட்டாளத்தில் பைப் பேண்டில் பதினேழு வருடம் பேக்பைப் ஊதினீர்கள். பென்ஷனோடு ஊர் திரும்பி, கணபதி பகுதியில் பம்பு செய்யும் பட்டறையில் லேத் ஓட்டினீர்கள். ஊதுவதற்கும் கடைசலுக்கும் உங்களிடம் வேறுபாடே இருக்கவில்லை. ஆட்டுத்தோல் பையிலிருந்து தோளில் சாயும் மூன்று சுருதிக் குழல்களின் இணைப்புகளை நீங்களே கடைந்துகொண்டீர்கள். ஊதுகுழாயின் வாய்க்கு ஒரு பித்தளை மூடி செய்திருந்தீர்கள். புரி அவ்வளவு நுணுக்கம், ஏழு சுற்று சுற்றினால்தான் கழலும். அந்த மூடி பின்னால் வருகிறது. அதனால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

கச்சேரிக்கு முதல் நாள் மாலை உங்கள் வீட்டுக்கு நான் வருவது வழக்கமாகிப்போனது. உங்கள் மனைவி, நான் அக்கா என்று அழைப்பவர், போடும் காபிக்காக என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் நீங்கள் செய்யும் காற்றுச் சோதனையைப் பார்க்கத்தான் வருவேன். பட்டறையில் பம்பு உடலில் ஓட்டை பார்க்கச் செய்வதையே இந்தத் தோல் பைக்கும் செய்தீர்கள். மூன்று குழல்களின் உச்சியிலும் ரப்பர் கார்க். விரல் வைத்து வாசிக்கும் குழலைக் கழற்றி அந்த ஓட்டைக்கும் ஒரு கார்க். பிறகு பை கல்லாக விறைக்கும்வரை ஊதி, பித்தளை மூடியைத் திருகி, பையின் வயிற்றைச் சுற்றி ஒரு நூலை இறுகக் கட்டி, பீரோ மேல் வைத்துவிடுவீர்கள். காலையில் நூல் தளர்ந்திருந்தால் எங்கோ ஓட்டை. தளரவில்லை என்றால் கச்சேரிக்குத் தயார்.

"பிரஷர் கேஜ் பொய் சொல்லும், ஆளும் பொய் சொல்லுவான். காத்து சொல்லாதுங்க ரிப்போட்டரே" என்பீர்கள்.

எவ்வளவு நாள் அப்படி நிற்கும் என்று ஒருமுறை கேட்டேன். "நல்ல தோலுன்னா நாலு நாளு. அஞ்சாம் நாளு எறங்கீரும். தோலுக்குக் கண்ணுக்குத் தெரியாத வேர்வைத் தொளை உண்டுங்க, நம்ம மேலுக்கு இருக்கற மாதிரி. அத அடைக்கத்தான் தேனும் கிளிசரினும் உள்ள ஊத்தறது." இதை என் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தேன். நாலு நாள். அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

கடைசிக் கச்சேரிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மார்கழிக் குளிர். அன்று எனக்கு வேறு செய்தி இருந்ததால் வர முடியவில்லை. நீங்கள் ஊதி, நூல் கட்டி, பீரோ மேல் வைத்ததை அக்கா சொல்லித்தான் தெரியும். மறுநாள் காலை ஏழேகாலுக்குப் பால் வாங்கிக்கொண்டு வந்த நீங்கள் வாசல் கேட்டின் படியில் உட்கார்ந்தீர்கள். பால் பாக்கெட் கையிலேயே இருந்தது. அக்கா வந்து தோளைத் தொட்டபோது நீங்கள் இல்லை.

அன்றைய பத்திரிகையில் நான் போட்டிருந்த வரி அச்சாகி ஊர் முழுக்கப் போய்விட்டது. உங்கள் பெயர், கருவி, இடம், மாலை ஆறு மணி. எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் தவறு. அதற்கு மறுப்புச் செய்தி போட அவகாசம் இல்லை. உங்களை எடுத்துப்போன பிறகு, ஐந்தரை மணிக்கு மண்டப வாசலில் நின்று வந்தவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னேன். யாரும் திரும்பிப் போகவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

துடும்புக் குழுத் தலைவி சரசு, மில்லில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு நேரே வந்திருந்தாள். செய்தியைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்தவள் ஆறு மணிக்கு எழுந்தாள். "வந்தது வந்துட்டோமுங்க, அடிச்சுப்போட்டே போறோம்" என்றாள். அடித்தார்கள். நீங்கள் நுழைய வேண்டிய இடம் வந்ததும் எட்டுப் பேரும் பேசிவைத்தது போல நிறுத்தினார்கள். நீங்கள் வாசித்து முடிக்கும் அளவுக்கு மௌனமாக இருந்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். அந்த இடைவெளியில் மண்டபத்தில் ஒருவர்கூட இருமவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தேன். அக்கா காபி கொடுத்துவிட்டு பீரோவைக் கை காட்டினார்.

"பாருங்க தம்பி. அப்படியே இருக்குது. அவரு ஊதி வெச்சது."

எழுந்து பார்த்தேன். நூலுக்குள் விரல் நுழையவில்லை. பையை ஒரு விரலால் அழுத்தினேன், தோல் உள்ளே போகவில்லை. அன்றைக்கு இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நம்ப முடியாததைப் பார்த்தால் முதலில் எழுதிவைத்துவிட வேண்டும், பிறகு யோசிக்கலாம். வெளியே வந்து, ரயில்வே கேட்டில் வண்டி போகக் காத்திருந்தபோது எழுதினேன்: 'நூல் இறுக்கம். விரல் நுழையவில்லை.' மாசியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை வந்தேன். நான்கு குறிப்புகளும் ஒரே மாதிரி இருக்கின்றன.

அக்காவுக்கு இதில் வியப்பு இருக்கவில்லை. "அவரோடது அதுக்குள்ள இருக்கு. யாரும் தொட்டுப்போடாதீங்க" என்று உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த மகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் சொல்லிவைத்திருந்தார். பீரோ மேல் ஒரு துண்டை மடித்துப்போட்டு அதன் மேல் வைத்தார். மாலையில் விளக்கு வைத்த பிறகு ஒரு முறை ஏறிட்டுப் பார்ப்பார். அவ்வளவுதான்.

ஆடியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று கதவுகளை அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். நான் வந்தபோது அக்கா உள்ளே வரச்சொல்லிவிட்டு, சிறுவாணிக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது என்று குடங்களோடு பின்கட்டுக்குப் போனார். நான் பீரோவைப் பார்த்தேன். நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

பை சுருங்கி, ஒரு பக்கம் சாய்ந்து, குழல்கள் மூன்றும் சுவரில் முட்டிக்கொண்டிருந்தன. உங்களை அன்று படியில் பார்த்தவர்கள் சொன்ன மாதிரியே ஒரு சாய்வு. பின்கட்டில் குடம் நிறையும் சத்தம் கேட்டது. முதல் குடம். இன்னும் இரண்டு நிறைய வேண்டும்.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். பித்தளை மூடியை ஏழு சுற்றுத் திருகிக் கழற்றினேன். வாயை வைத்து ஊதினேன். உங்கள் நெஞ்சு எப்படிப்பட்ட நெஞ்சு என்பது அன்றுதான் தெரிந்தது. பதினோரு மூச்சு பிடித்தது. நூல் இறுகியதும் இறங்கி, நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்து உட்கார்ந்தேன். மூன்றாவது குடம் நிறைந்தது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பீரோவைப் பார்த்தார். "காத்து இந்த அடி அடிக்குது, அது பாருங்க தம்பி, அசையறதில்ல" என்றார்.

ஆமாம் என்றேன். இத்தனை வருடத்தில் நான் தெரிந்தே உண்டாக்கிய பொய்ச் செய்தி அது ஒன்றுதான். காற்று பொய் சொல்லாது என்றீர்கள். நான் அதைச் சொல்ல வைத்துவிட்டேன்.

ஒரு தடயமும் விட்டுவிட்டேன். என் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது சட்டைப் பையில் பித்தளை மூடி இருந்தது. அடுத்த முறை வந்தபோது, அக்கா அடுப்பைப் பார்க்கப் போன நேரத்தில் அதை எடுத்த இடத்தில் திருகிவைத்தேன். அப்போது பையைத் தொட்டுப் பார்த்தேன். கல்லாக இருந்தது. நான் ஊதி முப்பத்தோரு நாள் ஆகியிருந்தது. அத்தனை நாளும் அதில் மூடிகூட இல்லை.

அக்கா ஊதுகிறார் என்று முடிவு செய்தேன். வேறு எப்படி நினைப்பது? ஒரு முறை இறங்கியதைப் பார்த்துவிட்டார், தாங்கவில்லை, மறைவாக ஊதிவிடுகிறார். நான் செய்ததையே அவரும் செய்கிறார். அதைப் பற்றிக் கேட்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று அக்கா உடுமலைக்குப் போனார். போகும்போது சாவியை என்னிடம் கொடுத்தார். மழைக்குத் தண்ணீர் ஒழுகுகிறதா என்று ஒரு எட்டுப் பார்க்கச் சொன்னார். நாற்பது நாள் அங்கே இருந்தார். முப்பதாவது நாள் வாக்கில் நான் போய்க் கதவைத் திறந்தேன். பூட்டிய வீட்டின் அடைந்த காற்றை எதிர்பார்த்தேன். தேன் வாடை வந்தது. கூடத்தில் பீரோ மேல் நூல் இறுகி நின்றது. நான் உள்ளே போகவில்லை. ஒழுகல் பார்க்காமலே கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஒழுகல் இல்லை என்று அக்காவிடம் போனில் சொன்னேன். அதுவும் நான் பார்க்காமல் சொன்னதுதான், பொய்க் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

போன மாதம் சங்கத்தார் கச்சேரிகளை மறுபடி தொடங்க முடிவெடுத்தார்கள். பேக்பைப் வாசிக்க மோரக் என்ற பெண் கிடைத்தாள். ஸ்காட்லாந்துக்காரி. நெசவு இயந்திரம் பற்றிப் படிக்க வந்து ஒரு வருடமாகப் பீளமேட்டில் வாடகைக்கு இருக்கிறாள். தமிழை பஸ்ஸிலும் மளிகைக் கடையிலும் கற்றதால் எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுவாள். தெரு நாயைக்கூட "தள்ளுங்க" என்றுதான் விரட்டுவாள். கச்சேரிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது அவளுடைய பை தையல் விட்டது. நம் ஊர் வெயில் தாங்கவில்லை. வேறு பை அந்த நாட்களுக்குள் வந்து சேராது. பேக்பைப் இல்லையென்றால் முதல் சனிக்கிழமை இல்லை. முதல் சனிக்கிழமை இல்லையென்றால் வரிசையே வேண்டாம் என்றாள் சரசு. "ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு ஓட்டை விட்டு அடிச்சோமுங்க. மறுக்காவும் ஓட்டைக்கு அடிக்க எனக்குக் கை வராதுங்ணா."

ஊரில் இன்னொரு பை இருப்பது எனக்குத் தெரியும் என்று சரசுவுக்கும் தெரியும்.

நான் அக்காவிடம் கேட்டேன். அவர் உடனே சொன்னார்: "மாட்டேனுங்க தம்பி. எடுத்து அழுத்துனா போயிரும். போனா எனக்கு அப்பறம் என்ன இருக்குது?"

இரண்டு நாள் யோசித்தேன். பையில் இருப்பது உங்கள் மூச்சு இல்லை, ஆடி மாதமே அது போய்விட்டது, உள்ளே இருப்பது நான் ஊதியது, பிறகு அக்கா ஊதியது. இதைச் சொன்னால் கச்சேரி நடக்கும். ஆனால் அவர் விளக்கு வைத்துவிட்டு ஏறிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது. சொல்லாவிட்டால் நீங்கள் தொடங்கியது என் பொய்யால் நிற்கும். மூன்றாம் நாள் காலை வந்தேன். அக்கா கூடத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒன்னு சொல்லோணும். முதல் வருசம் ஆடியில அது எறங்கிப்போச்சு. நீங்க தண்ணி புடிக்கப் போனப்ப நான்தான் ஊதி வெச்சேன்."

"தெரியுமுங்க தம்பி."

"தெரியுமா?"

"பித்தள மூடியக் காணோம். அடுத்த வாட்டி நீங்க வந்துட்டுப் போனப்பறம் இருக்குது. நானென்ன சின்னப் புள்ளைங்களா?" கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஊருல இருக்கறவன் தப்பையெல்லாம் எழுதறீங்க, உங்களுக்கு ஒரு மூடி எடுத்து மறைக்கத் தெரியலீங்களே."

நானும் சிரித்தேன். இரண்டு வருடப் பாரம் இறங்கியது போல இருந்தது.

"அப்பறம் ஏனுங்கக்கா, போயிரும்னு சொன்னீங்க?"

"ஒறமோரு ஊத்தறமில்லீங்களா, அந்த மாதிரி. புதுப்பாலு எத்தன ஊத்துனாலும் பழைய மோருதான அத்தனையும் தயிராக்குது? நீங்க மாசா மாசம் வந்து ஊதுனாலும் அதுக்குள்ள அவரு இருப்பாரு. அதான் நீங்க ஊதறதத் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன்."

"மாசா மாசமா?" என்றேன். "ஒரே ஒரு தடவைதானுங்கக்கா. அந்த ஆடியில மட்டும்."

"வெளையாடாதீங்க தம்பி."

"சத்தியமா. அதுக்கப்பறம் நீங்கதான் ஊதறீங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"நானா?" அக்கா தன் வலது கையை விரித்துக் காட்டினார். விரித்தார் என்று சொல்லக் கூடாது. இரண்டு விரல்கள் வாதத்தில் மடங்கியபடியே இருந்தன. "அந்த மூடிய நான் எப்படித் திருகறதுங்க? அவரு இருக்கறப்பவே எனக்கு அது வராது. நான் உடுமலையில இருந்தப்ப சாவி உங்ககிட்டத்தான இருந்துச்சு? நீங்க வந்து ஊதியிருப்பீங்கன்னு..."

"நான் வாசல்லயே நின்னுட்டு வந்துட்டேன்."

அந்த நேரம் பார்த்து விமானம் ஒன்று தாழப் பறந்து இறங்கியது. உங்கள் வீட்டில் அது போகும்போது ஜன்னல், டம்ளர், சாமி படம் எல்லாம் அதிரும் இல்லையா, அதிர்ந்தன. பீரோ மேல் இருந்தது மட்டும் அதிரவில்லை. விமானம் போன பிறகும் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நூல் இறுகியிருந்தது. தோலில் வெளிச்சம் பட்டுப் பளபளத்தது, இப்போதுதான் ஊதி வைத்தது போல.

எனக்குப் பயமாக இருந்தது. உங்களிடம் சொல்வதில் வெட்கம் இல்லை. எழுந்து போய்விட வேண்டும் என்று கால் நினைத்தது.

அக்காதான் முதலில் பேசினார். குரலில் பயம் இல்லை. கோபம் மாதிரி ஒன்று இருந்தது, வெகுநாள் கழித்து ஊர் திரும்பியவரிடம் வீட்டுக்காரி காட்டும் கோபம்.

"இந்த மனுசன் ஊதி வெச்சுட்டு வாசிக்காம என்னைக்கு இருந்திருக்காரு? வாசிக்கோணும்னுதான் ஊதி ஊதி வெச்சுக்கிட்டுக் கெடக்கறாரு. நான்தான் புரியாம துண்டப் போட்டுப் படுக்க வெச்சுட்டேன்." கண்ணைப் புறங்கையால் துடைத்தார். "கொண்டுபோலாமுங்க. ஆனா நானே எடுத்துட்டு வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபத்தில் ஒத்திகை. ஆட்டோவில் அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் "மெதுவாப் போ கண்ணு" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். சரசுவும் அவள் ஆட்களும் துடும்பைத் தோளில் மாட்டி நின்றிருந்தார்கள். மோரக்கிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. தன் ஊரிலும் இப்படிப்பட்டவற்றைப் பார்த்துச் சிரிப்பதில்லை என்றாள். அக்காவிடம் வந்து, "எடுக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

அக்கா நூலை அவிழ்க்க முயன்றார். விரல் வரவில்லை. நான் அவிழ்த்தேன். நீங்கள் போட்ட முடிச்சு, கடைசியாக. நூலை அக்கா என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

மோரக் பையைத் தோளில் ஏற்றினாள். பித்தளை மூடியை அவள் கழற்றவில்லை. மூச்சு எதுவும் ஊதவில்லை. இதை நான் மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தேன். குழல் உச்சிகளிலிருந்த மூன்று கார்க்கையும் எடுத்துவிட்டு, முழங்கையால் அழுத்தினாள்.

உங்கள் சுருதி வந்தது.

மண்டபத்தில் வேறு எதுவும் இல்லாமல் அது மட்டும் நின்றது. தாழ்ந்து, தரை வழியாக வந்து, நெஞ்செலும்பில் ஏறும் அந்தச் சத்தம். விரித்து வைத்திருந்த இரும்பு நாற்காலிகள் மெல்ல ரீங்கரித்தன. சரசு கண்ணை மூடி, ஒரு நொடி காத்திருந்து, துடும்பில் இறங்கினாள். எட்டுப் பேரும் இறங்கினார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் விட்ட அந்த இடைவெளியை அன்று அடைத்தார்கள்.

அப்படி ஊதாமல் அழுத்தினால், பை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பத்து எண்ணுவதற்குள் தீர்ந்துவிடும் என்று மோரக் முன்பே சொல்லியிருந்தாள். எவ்வளவு நேரம் ஒலித்தது என்று எனக்குத் தெரியாது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து வேண்டுமென்றே நேரம் குறிக்காமல் விட்டது அது ஒன்றுதான். துடும்பு ஒரு முழுச் சுற்று முடியும்வரை சுருதி நின்றதாகச் சரசு பின்னால் சொன்னாள். ஒரு சுற்று எவ்வளவு நேரம் என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

பிறகு அது இறங்கியது. பை மோரக்கின் கைக்கடியில் துவண்டது. அவள் முகம் வெளுத்திருந்தது. "நல்ல பைங்க" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா எழுந்து வந்து துவண்ட தோலைத் தடவினார். "ஆச்சுங்களா?" என்று அதைக் கேட்டார். மோரக்கைக் கேட்கவில்லை. கையை எடுத்துவிட்டு, "சரி. இனி நீ ஊது கண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு மோரக் ஊதினாள், விரல் குழலையும் மாட்டி ஒரு மணி நேரம் ஒத்திகை நடந்தது. நன்றாக இருந்தது. நீங்கள் கேட்டால் இரண்டு இடத்தில் துடும்பைத் தாழ்த்தச் சொல்லியிருப்பீர்கள்.

அன்று முடித்துப் போகும்போது மோரக், உங்கள் முறைப்படியே பையை ஊதி, கார்க் அடைத்து, வேறு நூல் கட்டி அக்காவிடம் கொடுத்தாள். இன்று காலை அக்கா போன் செய்தார். அவர் குரலை இவ்வளவு இலேசாக நான் கேட்டு வெகுநாள் ஆகிறது.

"எறங்கீருச்சுங்க தம்பி. சரியா அஞ்சாம் நாளு. மத்த பையெல்லாம் எறங்கற மாதிரியே."

"வருத்தமுங்களா அக்கா?"

"ராத்திரி நல்லாத் தூங்குனேனுங்க. சனிக்கிழம முன்வரிசையில எனக்கு ஒரு சேரு சொல்லி வையுங்க. ஒன்னு போதும்."

பட்டியலை அடித்து முடித்துவிட்டேன். கருவி, இடம், நேரம் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். கலைஞர்கள் என்ற இடத்தில் மோரக் பெயரும் சரசு குழுவின் பெயரும் இருக்கின்றன. உங்கள் பெயரைப் போடவில்லை. முன்பு ஒரு முறை நீங்கள் இல்லாத நாளில் உங்கள் பெயரைப் போட்டவன் நான். மறுபடி போட மாட்டேன்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. இதை அக்காவிடமும் சொல்லவில்லை. அந்த ஆடி மாதம் நாற்காலியில் ஏறி வாயை வைத்தேன் என்றேனே, ஊதுவதற்கு முன்பு நடந்தது இது. ஊதுகுழாயின் அடியில் காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் தோல் மடல் அன்று திறந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது போலும். நான் மூச்சை இழுத்துக்கொள்ளும்போது உள்ளே மிச்சமிருந்தது கொஞ்சம் வெளியே வந்து என் வாயை நிறைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. ஏழு மாதம் அடைத்து வைத்த காற்று வெதுவெதுப்பாக இருக்க வழியில்லை. தேன் ருசித்தது. துப்பியிருக்கலாம். விழுங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து, அலுவலக மாடி ஏறி மேல்படியில் நின்று மூச்சு விடும்போது, அந்த மூச்சின் கடைசியில், நெஞ்செலும்புக்குள் தாழ்வாக ஒரு சுருதி நின்று ஓய்கிறது. டாக்டர் குழலை வைத்துக் கேட்டுவிட்டு ஒன்றுமில்லை, வயது என்றார். பையில் இருந்ததெல்லாம் போய்விட்டது. இது போகவில்லை. ஒத்திகை முடிந்த மறுநாள் அதற்காகவே இரண்டு மாடி கூடுதலாக ஏறிப் பார்த்தேன்.

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு அதையும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போவேன் அண்ணா. அக்காவுக்குப் பின்னால், இரண்டாம் வரிசையில் உட்காருவேன்.